உறையின் உட்புறம்

இந்தக் குச்சியிலும் பழுப்புதான். வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்க்கிறேன், நுனியில் சுற்றிய துணி முந்தின குச்சியைவிடக் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது, ஆனால் அது என் ஆசையாகவும் இருக்கலாம். முப்பத்தெட்டு வருஷம் பினாங்கில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவனுக்கு இது தெரியாதா, ஆசைப்படுகிற கண்ணுக்கு அட்டையின் கடைசி வரிகூடத் தெரிந்துவிடும், தெரிகிறது தெரிகிறது என்பார்கள், நான் இன்னும் லென்சையே மாட்டியிருக்க மாட்டேன். பழுப்புதான். துருவாக இருக்கலாம். பழைய எண்ணெயாக இருக்கலாம். மரமே விடுகிற சாயமாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாக இருந்துவிட்டால் நல்லது. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை நினைக்காதே, அடுத்த குச்சியை எடு ஜக்கரியா. சாத்தே இறைச்சி குத்துகிற மூங்கில் குச்சி, கல்யாண விருந்துக்கு ஷம்ஷாத் வாங்கி வைத்த கட்டிலிருந்து அவளிடம் கேட்காமல் எடுத்தது. நுனியில் துணியைச் சுற்று, நூலால் கட்டு, சந்தன எண்ணெய் ஒரு சொட்டு, அதிகம் வேண்டாம், தண்ணீர் கூடவே கூடாது, தண்ணீர் பட்டால் மரம் உப்பும், உப்பினால் பிளக்கும், பிளந்தால் நாளை மறுநாள் என் மகன் எதை இடுப்பில் செருகிக்கொண்டு நிக்காஹுக்கு உட்காருவான். கெரிஸ் மேஜையில் மஞ்சள் துணிமேல் கிடக்கிறது, ஏழு நெளிவு உள்ள குத்துவாள், உம்மாவின் வழியில் மலாய்க்காரச் சொந்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது, எங்கள் வீட்டில் மாப்பிள்ளையாகிறவன் ஒவ்வொருவனும் அன்றைக்கு ஒருநாள் செருகிக்கொள்வது. வாப்பா செருகினார். நான் செருகினேன். என் தம்பி தாவூது செருகவில்லை. கத்தியை எலுமிச்சம்பழத்தால் துடைத்தாயிற்று, அது சுத்தம், இரும்பு எதையும் வைத்துக்கொள்வதில்லை, மேலே இருப்பது மேலேயே இருக்கும், தேய்த்தால் போய்விடும். மர உறை அப்படி இல்லை. மேலே தோணி மாதிரி அகன்ற கட்டை, அதன் நடுவில் கீறின மாதிரி ஒரு வாய், உள்ளே போகப்போக ஒடுங்கிக் கடைசியில் பென்சில்கூட நுழையாத இருட்டு. அந்த இருட்டுக்குள்தான் முப்பத்து நாலு வருஷம் இருக்கிறது.

“ஏங்க,” ஷம்ஷாத் கதவைத் திறக்காமலே கூப்பிடுகிறாள், அவள் கை நிறைய ஏதோ இருக்கும், “இலியாஸ் ஃபோன் பண்ணுனான். ட்ரெயின் பட்டர்வொர்த் வந்துடுச்சாம். உங்க தம்பியக் கார்ல ஏத்திட்டானாம்.” நான் சரி என்கிறேன். “பாலத்துல ஜாமாம். முக்கால் மணி நேரம் ஆகும்ங்கிறான். நீங்க குளிச்சுச் சட்டைய மாத்துங்க, இந்தக் கோலத்துல நிக்காதீங்க.” சரி. “உள்ள என்னதான் செய்றீங்க கதவச் சாத்திக்கிட்டு?” உறையைத் துடைக்கிறேன் என்கிறேன். “உறைக்கு உள்ள யாரு பாக்கப் போறா,” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள். வாஸ்தவம். கடையில் கண்ணுக்குள் பார்க்க வைத்திருக்கும் சின்ன டார்ச்சை அடித்தாலே ஒரு அங்குலம்தான் தெரிகிறது. யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் அவன் கேட்டிருக்கிறானே. இலியாஸ் தானாகக் கிளம்பி ஈப்போ போய், வீட்டைத் தேடிப்பிடித்து, நான்தான் உங்க நானா ஜக்கரியாவோட மகன், கல்யாணத்துக்கு வரணும் என்றபோது தாவூது திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கெரிஸ் இன்னும் இருக்கா? இருக்கு சின்ன வாப்பா, ஆனா உறையிலேர்ந்து வரமாட்டேங்குது, வாப்பா எடுக்கவும் விடமாட்டாங்க. அப்ப நான் வர்றேன், நானே உன் இடுப்புல கட்டிவிடுறேன், நானாக்கிட்டச் சொல்லிடு. சிரித்துக்கொண்டு வந்து சொன்னான் இலியாஸ், பெரிய விஷயம் சாதித்துவிட்ட மாதிரி. அவனுக்கு என்ன தெரியும். எல்லாருக்கும் தெரிந்த கதைதான் அவனுக்கும் தெரியும்: கல்யாணத்தன்று சின்ன வாப்பா கெரிஸை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது கை நழுவி வெட்டிவிட்டது, அந்தச் சகுனத்தில் கல்யாணம் நின்றுபோனது, ரோஷத்தில் ஈப்போ போனவர் திரும்பி வரவில்லை. ஏன் கேட்டான். ஏன் தானே கட்டிவிட வேண்டும் என்கிறான். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் கத்தியை உருவி எல்லாருக்கும் காட்டி, இதோ பாருங்கள், இதனால் என் நானா என்னை… இல்லை. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கு எப்படித் தெரியும், இருபத்தெட்டு வயதில் பார்த்தவன், இப்போது அறுபத்திரண்டு.

நுழை. மெதுவாக. குச்சி வலது பக்கச் சுவரை ஒட்டிப் போகிறது, இங்கே வழவழப்பு, இங்கே ஒரு மேடு, இங்கே சொரசொரப்பு, இந்தச் சொரசொரப்பில்தான் பழுப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. மத்தியானத் தொழுகை முடிந்ததும் கத்தியை உருவினேன், முக்கால் மணி நேரம் பிடித்தது. வாய்க்குள் எண்ணெய் விட்டு, ஷம்ஷாத்தின் தலைமுடி காயவைக்கும் மெஷினால் லேசாகச் சூடுகாட்டி, உறையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தேன், வரவில்லை, இழுத்தேன், வரவில்லை, அப்புறம் உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்து ஒரு இழையளவு நகர்ந்தது, பிறகு மறுபடி பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டிருப்பதை இழுப்பது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும். தோள்வரை ஏறும். மணிக்கட்டு நடுங்கும். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது, நான் கூப்பிடவே இல்லை, கையே கொண்டுவந்தது: அன்றைக்கு இப்படி இல்லையே. அன்றைக்குக் கத்தி லேசாக வந்ததே. முழங்காலிடையில் உறையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இல்லை, அன்றைக்கும் இறுக்கமாகத்தான் இருந்தது, அவன் பிடித்தான், நான் பயந்தேன், இருவரும் இழுத்தோம், அதில் வெட்டிவிட்டது. இத்தனை வருஷமாக எனக்குள் நான் வைத்திருக்கும் கதை அதுதான். ஊருக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. ஊருக்குச் சொன்னது கை நழுவியது என்று. எனக்குச் சொல்லிக்கொண்டது இருவரும் இழுத்தோம் என்று. கை சொல்வது மூன்றாவதாக ஒன்று.

எடு. பழுப்பு. துணியைக் கழற்றிக் குப்பைத்தாளில் போடு, புதிது சுற்று. இதை நஜீஸ், அசுத்தம் என்று சொல்வார்களா, ரத்தம் பட்டது சுத்தமாகாமல் இடுப்பில் இருந்தால் நிக்காஹ் கூடுமா, யாரிடம் கேட்பது, ரத்தம் என்று யாரிடம் சொல்வது. துரு என்று வைத்துக்கொள். துருவாகவே இருக்கட்டும். அன்றைக்கு இன்று மாதிரி வெள்ளிக்கிழமை இல்லை, ஞாயிறு, காலை ஒன்பது மணி, இதே அறை, அந்தச் சுவரில் நிலைக்கண்ணாடி இருந்தது. தாவூதுக்குச் சரிகைத் துணி கட்டி முடித்துத் தொப்பி வைத்தாயிற்று, கெரிஸைச் செருகுவது மட்டும் பாக்கி, அதை நான் செய்ய வேண்டும், வாப்பா மவுத்தாகி நாலு வருஷம், வீட்டுக்குப் பெரியவன் நான். வாசலில் கார் நிற்கிறது. கூடத்தில் உம்மா. அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், நானா, நான் வரல. எங்கடா வரல? இந்த நிக்காஹுக்கு. நான் பட்டர்வொர்த்துல ஒரு பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், பேரு ஹபீபா, தையல் வேல செய்யுது, உன்கிட்ட மூணு தடவ சொல்ல வந்தேன், நீ கேக்கல. கேட்கவில்லைதான். மூன்று தடவையும் என்ன சொல்ல வருகிறான் என்று தெரிந்தே வேறு பேச்சுக்குப் போனேன். நான் பார்த்த பெண் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், ஊர் முழுக்க அழைத்திருந்தேன், பள்ளிவாசலில் ஹஜ்ரத் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் உறை, வலது கையில் பிடி, உருவினேன். மிரட்டத்தான். அல்லா மேல் ஆணையாக மிரட்டத்தான். நடடா வெளிய, ஏறுடா கார்ல என்றேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான், கத்தியைப் பார்க்கவில்லை, என்னைத்தான், பார்த்துக்கொண்டே வலது கையை நீட்டிக் கத்தியைப் பிடித்தான். எழுதுகிற கை. பினாங்கில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை அவன் எழுதியது, தமிழ், மலாய் எழுதுகிற ஜாவி, இங்கிலீஷ், மூன்றும் ஒரே பலகையில் மூன்று அண்ணன் தம்பி மாதிரி நிற்கும், அளவுகோல் வைக்க மாட்டான். அந்தக் கை கத்தியைப் பிடித்திருக்கிறது. ரத்தம் இல்லை. பிடித்தால் மட்டும் வெட்டாது, சும்மா பிடித்தால் வெட்டாது, இழுத்தால்தான்.

டக் என்றது. என்ன டக். குச்சி லேசாகிவிட்டது. வெளியே எடுத்தால் பாதிதான் வருகிறது, நுனி உள்ளேயே உடைந்து நின்றுவிட்டது, துணியோடு. யா அல்லா. உறையைக் கவிழ்த்துத் தட்டுகிறேன், தாளில் பொடி உதிர்கிறது, செம்மண் மாதிரி, குச்சி வரவில்லை. தட்டு. மெதுவாகத் தட்டு, மரம். இது உள்ளே இருந்தால் கத்தி முழுக்க இறங்காது, நாலு விரல் வெளியே நிற்கும், அவன் வந்து முதலில் அதைத்தான் பார்ப்பான், என்ன நானா, உள்ளே என்ன வச்சிருக்கே. நெற்றி வேர்க்கிறது. கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது. ஃபிரேமுக்குள் விழுந்த திருகாணி எடுக்கும் இடுக்கி கடையிலிருந்து கொண்டுவந்த பையில் இருக்க வேண்டும், இருக்கிறது, நீளம் போதவில்லை. மணி என்ன. மூன்றே கால். பாலத்தில் ஜாம் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். கம்பி. சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்து, நுனியைக் கொக்கியாக வளை. கைகள் நடுங்குகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை, ஒரு மயிரிழைத் திருகாணியை மூச்சு விடாமல் முடுக்குகிற கை இது, இப்போது கொக்கி இரண்டு தடவை உறையின் வாயில் நுழையாமல் இடிக்கிறது. உள்ளே விடு. தேடு. இங்கே ஏதோ மெத்தென்று இடிக்கிறது. கொக்கியைத் திருப்பு. பிடித்தது. இழுக்கிறேன், வரவில்லை, பிடித்துக்கொண்டிருக்கிறது, தோள்வரை ஏறுகிறது, பார்த்தாயா, பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் இருக்கும், மறுபடி அதே இடத்தில் வந்து நிற்கிறேன். கம்பியை விட்டுவிட்டேன்.

அவன் விட்டான். அதுதான். அவன் கத்தியைப் பிடித்தான், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், எவ்வளவு நேரம், மூன்று மூச்சு, நாலு மூச்சு, வெளியே உம்மா யாரையோ பூமாலை எங்கே என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அவன் முகம் மாறியது. கோபம் இறங்கி அது என் சின்னத் தம்பியின் முகமாக ஆனது. விரல்கள் தளர்ந்தன. கத்தியைச் சுற்றி இருந்தன, ஆனால் பிடிக்கவில்லை. எடுத்துக்கோ என்கிற மாதிரி. சண்டை முடிந்துவிட்டது, அந்த நொடியில் முடிந்துவிட்டது, அவனும் முடித்துவிட்டான், நான் மெதுவாகக் கையைத் தாழ்த்தியிருந்தால் போதும். அப்போது இழுத்தேன். தடையே இல்லாமல் வந்தது, எண்ணெயில் வருகிற மாதிரி வந்தது, ஏழு நெளிவும் ஒன்றன்பின் ஒன்றாக அவன் விரல்களுக்குள் போனதை நான் பிடியில் உணர்ந்தேன். ஏன் இழுத்தேன். அவன் விட்டுக்கொடுத்தது எனக்குப் பொறுக்கவில்லையா. ஜெயித்தது நான்தான் என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்ததா. ஒரு நொடிதான், அந்த ஒரு நொடிக்குப் பெயர் தெரியவில்லை, ஆனால் அது பயம் இல்லை. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான், ஏதோ வேறு யாருடைய கை மாதிரி. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா, கத்தியை உறையில் போட்டேன். தம்பியின் கையைப் பிடிக்கவில்லை, துணி எடுக்கவில்லை, கத்தியைத் துடைக்காமல் உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்தேன், அப்புறம்தான் உம்மா என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், போலீஸ்காரர் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன்னே தாவூதே சொன்னான், எடுத்துப் பாத்தேன், வழுக்கிடுச்சு. நரம்பு தைத்தார்கள், மூன்று விரல்கள் மடங்கவே இல்லை. தூரிகை பிடிக்க முடியாதவன் ஈப்போவில் லாரி ஓட்டினான். ஹபீபாவைக் கட்டிக்கொண்டான். பத்தொன்பது வருஷம் முன்னால் உம்மா மவுத்தானபோது நான் ஃபோன் செய்தேன், நானா என்றான், விஷயத்தைச் சொன்னேன், அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, என்னால வர முடியாது நானா என்று வைத்துவிட்டான். கடைசி மூன்று நாள் உம்மா அவன் பெயரைத்தான் சொன்னது. அடக்கிவிட்டு வந்து எல்லாரிடமும் கல்நெஞ்சுக்காரன் என்று சொன்னேன். அது எனக்கு அவன் கொடுக்கும் தண்டனை என்று தெரியும், தெரிந்துகொண்டே கல்நெஞ்சுக்காரன் என்றேன்.

கம்பியை மறுபடி பிடிக்கிறேன். ஒரு சொட்டு எண்ணெய். பொறு. மெதுவாகத் திருகிக்கொண்டே இழு. வருகிறது, வந்துவிட்டது, உடைந்த துண்டும் துணியும், துணி கறுப்பாக இருக்கிறது, கறுப்பும் செம்மையும், அடியிலிருந்து வந்தது, துரு இப்படி இருக்காது, எண்ணெய் இப்படி இருக்காது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். சந்தனம்தான் மணக்கிறது. வேறு என்ன மணக்கும் இத்தனை காலத்துக்கு அப்புறம். வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். முக்கால் மணி நேரம் என்றாளே. ஷம்ஷாத்தின் குரல், வாங்க, வாங்க, சலாம் சொல்கிற ஒரு குரல், கரகரப்பாக, வாப்பாவின் குரல், இல்லை, தாவூது. நான் எழுந்திருக்கவில்லை. மேஜை முழுக்கக் குச்சிகள், பழுப்புத் துணிகள், பொடி. இதையெல்லாம் மறைக்க இடமில்லை. கதவு திறக்கிறது.

வெள்ளை முடி, ஒல்லி, தோளில் ஒரு பை. வலது கையை எடுத்துக்கொண்டு வருகிற மாதிரி வருகிறான். பின்னால் இலியாஸ் சிரித்துக்கொண்டு நிற்கிறான். “நீ போயிக் காரை ஒழுங்கா நிறுத்து தம்பி,” என்று அவனை அனுப்பிவிட்டுக் கதவைத் தாவூதே சாத்துகிறான். சலாம் சொன்னான், சொன்னேன். பை தோளிலேயே இருக்கிறது. மேஜையைப் பார்க்கிறான். குச்சிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். “என்னோடதா?” என்கிறான். தெரியல என்கிறேன். அவன் எதிர் நாற்காலியில் உட்காருகிறான், மடங்காத விரல்கள் மூன்றும் மேஜை விளிம்பில் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

“நானா, எல்லாரும் வர்றதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கிறேன். அதுக்குத்தான் வந்தேன். கல்யாணம் ஒரு சாக்கு.”

கேள் என்கிறேன். இதோ வருகிறது. வரட்டும்.

“என்னை மன்னிச்சுடு.”

நான் அவனைப் பார்க்கிறேன்.

“அன்னைக்கு அந்தக் கத்தியப் புடிச்சேன்ல, சும்மா புடிக்கல. புடுங்கி உன்மேல பாய்ச்சணும்னுதான் புடிச்சேன். அந்த ஒரு நிமிஷம் உன்னைக் கொன்னுடணும்னு இருந்துச்சு எனக்கு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, ரத்தம்தான் ஞாபகம். நீ இழுத்துக்கலன்னா உன்னைக் குத்தியிருப்பேன். கூடப்பிறந்தவன, உம்மா வெளிய நிக்கும்போது. அந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உம்மா முன்னாடி எப்படி வந்து நிக்கிறது? மையத்துக்குக்கூட வரல நானா. உம்மாவோட சந்தூக்குப் பெட்டியத் தூக்கத் தகுதி இல்லாதவன்னு வரல. நான் கட்டிவிடுறேன்னு சொன்னேன்ல, அது எதுக்குன்னா, நீ அந்தக் கத்திய என் கையில நம்பிக் குடுப்பியான்னு பாக்கணும்.”

அவன் அழவில்லை, பல தடவை தனியாகச் சொல்லிப் பார்த்ததைச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தான். எனக்குள் என்ன நடந்தது என்றால், வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் நடந்தது. இதோ ஒரு நாலாவது கதை, எல்லாவற்றிலும் நல்ல கதை, அவனே கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். உயிருக்குப் பயந்து இழுத்துக்கொண்ட நானா. சரிடா, விடு, பழசு என்று சொன்னால் போதும், இருவரும் கட்டிப்பிடித்து அழலாம், ஷம்ஷாத் தேத்தண்ணி கொண்டுவருவாள், ஞாயிற்றுக்கிழமை அவன் கட்டிவிடுவான், யாரும் உள்ளே பார்க்கப் போவதில்லை. சரிடா. சொல். ஒரே வார்த்தை. அவன் கண் என்மேல் இருக்கிறது, வாப்பாவின் கண், முப்பத்து நாலு வருஷம் தூங்காத மாதிரி ஒரு கண். இவன் இந்தச் சுமையோடா லாரி ஓட்டினான். இதைச் சுமந்துகொண்டா உம்மாவைப் பார்க்காமல் இருந்தான். தண்டனை எனக்கு என்று நினைத்திருந்தேனே.

“இல்ல,” என்கிறேன். “நீ விட்டுட்டே.”

“என்ன?”

“புடிச்சே. அப்புறம் விட்டுட்டே. விரல் தளர்ந்துச்சு. நான் பாத்தேன். நீ விட்டதுக்கு அப்புறம்தான் நான் இழுத்தேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல தாவூது. சும்மா இழுத்தேன்.”

பை அவன் தோளிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை.

“நான் விட்டேனா?”

“விட்டே.”

“குத்த வரலையா நான்?”

“வரல. நீ விட்டுட்டே.”

“நான் விட்டேனா, நானா?” மூன்றாம் தடவை கேட்டபோது குரல் உடைந்து, தலையைக் குனிந்து, அந்தக் கையை இடது கையால் பொத்தி மார்போடு வைத்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை, தோள் குலுங்குகிறது. விட்டேன், விட்டிருக்கேன் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறான். நான் எழுந்து அவன் பக்கம் போகப்போனேன். நிமிர்ந்தான். அந்த முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

“இத நீ எப்பச் சொல்லியிருக்கணும்?”

மேஜையில் கிடந்த கறுத்த துணியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

“உம்மா மவுத்துன்னு ஃபோன் பண்ணுனியே. வர முடியாதுன்னேன். ஏன்டான்னு ஒரு வார்த்த கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தா நீ இதச் சொல்லியிருப்பியா? கைய நீ வச்சுக்கோ, போகட்டும். லாரி ஓட்டிப் புள்ளைங்கள வளத்துட்டேன். உம்மாவ எனக்கு யாரு தருவா?”

சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. இலியாஸ், கையில் பட்சணப் பெட்டி, பின்னால் ஷம்ஷாத். “என்ன வாப்பா? என்ன ஆச்சு சின்ன வாப்பா?” தாவூது அவனைப் பார்க்கவில்லை, என்னையே பார்க்கிறான், சொல்லவும் இல்லை, சொல்லாதே என்று சொல்லவும் இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வாப்பா கையை வெட்டினது நான்தான்டா, வழுக்கல, நான்தான் என்றேன். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி இலியாஸ் நின்றான். ஷம்ஷாத் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதிவைக்க வேண்டியதில்லை, மறக்காது.

தாவூது குனிந்து பையை எடுத்தான். போகிறான் என்று நினைத்தேன். ஸ்டேஷனுக்குப் போய்விடுவான், இலியாஸே கொண்டுபோய் விடுவான், முடிந்தது. அவன் இலியாஸின் தோளில் கை வைத்தான், நல்ல கையை. “இது உன் இடுப்புல வேணாம்டா. ஒண்ணும் இல்லாமப் போயி உக்காரு, போதும். நான் கூட இருக்கேன்.” பிறகு என்னிடம் திரும்பினான். “ஞாயித்துக்கிழம முடியட்டும். அதுவரைக்கும் என்கிட்டப் பேசாத. முடிஞ்சதும் உன்கிட்ட நிறையப் பேசணும்.” பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், “உம்மா எந்த ரூம்ல படுத்திருந்துச்சு கடைசில?”

அடுத்த அறை என்று கையைக் காட்டினேன். பேசாதே என்றானே. “தல எந்தப் பக்கம்?” ஜன்னல் பக்கம் என்று காட்டினேன். போனான். ஷம்ஷாத் மெதுவாக, “தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கவா?” என்றாள், வேண்டாம், கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன். அடுத்த அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கட்டில் ஒருமுறை முனகியது, அப்புறம் ஒன்றும் இல்லை. தாழ்ப்பாள் போடுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். மேஜைக்குப் பக்கத்தில், என் மகனும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அவன் தாழ்ப்பாள் போடவில்லை.